மெட்ராஸ் விற்பனைக்கு அல்ல!

நான் பி.காம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் என் மாமனார் வீட்டில் பணம் சம்பந்தப்பட்ட எந்தப் பேச்சும், ‘மாப்ள பி.காமாச்சே, அவரைக் கேப்போம்’ என்றுதான் ஆரம்பிக்கும். மாடு வாங்குவதா, சீட்டு எடுப்பதா, நகையை எந்த பேங்க்கில் வைப்பது... எல்லாவற்றுக்கும் கருத்துச் சொல்லியிருக்கிறேன். மாடு செத்துவிட்டது. சீட்டுக்காரர் இப்போது ஊரில் இல்லை. ஆனாலும் என் மரியாதை இம்மியளவும் குறையவில்லை. பட்டப் படிப்பின் மகிமை அப்படி.

2024 நவம்பர் 29, வெள்ளிக்கிழமை. நான், மனைவி, ஏழு வயசு மகள் மூவரும் மனைவியின் ஊரான கரியமாணிக்கத்துக்குப் போனோம். டி.வி.யில் ‘புயல் வரும், வராது’ என்று இரண்டு நாளாகப் பட்டிமன்றம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அதைவிட முக்கியமான வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை குடும்பப் பஞ்சாயத்து, மதியம் கறிசோறு, சாயங்காலம் பஸ் என்று திட்டம்.

பஞ்சாயத்து என்னவென்றால், மாமனாருக்கு ரோட்டை ஒட்டி ஒரு காணி நிலம். அந்தப் பக்கம் இன்னும் குழிக் கணக்குதான். நூறு குழி ஒரு காணி. ஏக்கரில் சொன்னால் சுமார் 1.32. அதை மனை போட்டு விற்க ஒரு பிளாட்காரர் வந்து விலை கேட்டுவிட்டுப் போயிருந்தார். என் மச்சானுக்கு விற்றுவிட ஆசை. மாமனார் பிடிகொடுக்கவில்லை. ‘மாப்ளயக் கூப்பிடுங்க, அவரு சொல்லட்டும்’ என்று தீர்மானமாகியிருந்தது.

நான் என்ன சொல்லப் போகிறேன் என்பதை பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன். விற்கத்தான் சொல்ல வேண்டும். விற்றால் என் மனைவிக்கு ஒரு பங்கு வரும். வந்தால் தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு டூ பெட்ரூம் ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ். சட்டைப் பெட்டிக்குள் வைத்து வருமே ஒரு அட்டை, அதைத் துண்டு துண்டாக வெட்டிக் கட்டுரைக் குறிப்பு எழுத எப்போதும் பையில் வைத்திருப்பேன். அதில் ஒன்றை எடுத்துக் கூட்டிப் பெருக்கி வகுத்துப் பார்த்தேன். விடை பிரமாதமாக வந்தது.

புதுச்சேரியிலிருந்து மடுகரைப் பக்கம் போகும் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? புதுச்சேரி ஒரே துண்டு நிலமல்ல. கொஞ்ச தூரம் புதுச்சேரி, நடுவில் கொஞ்சம் தமிழ்நாடு, மறுபடி புதுச்சேரி. கண்ணயர்ந்தால் எந்த அரசாங்கத்தில் கண் விழிப்போம் என்று சொல்ல முடியாது. 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தைக் கொடுத்துவிட்டுப் போனபோதும் இந்தக் கட்டங்களை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். யாரோ தாயக்கட்டை உருட்டிப் பிரித்த மாதிரி இருக்கும்.

தாயக்கட்டை என்று வாயில் வந்தது தற்செயல் இல்லை. விஷயத்துக்கு வருகிறேன்.

* * *

சனிக்கிழமை ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்திலேயே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. ஞாயிறு காலையில் வாசலில் வந்து நின்றால், தெரு எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. கரண்ட் போய்விட்டது. செல்போன்கள் ஒவ்வொன்றாக உயிரை விட்டன. மாமனாரின் சம்பா நெல் தண்ணீருக்குள் எங்கேயோ இருந்தது. அவர் குடையோடு வரப்பு வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஒன்றும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்தார். பஞ்சாயத்தை எடுக்க யாருக்கும் வாய் வரவில்லை.

மச்சான் மகளுக்குப் பதினொரு வயசு. போன் இல்லாமல் அரை நாள் தவித்துவிட்டு, பரண் மேல் ஏறி ஒரு பெட்டியை இறக்கினாள்.

“அத்தை, இது இன்னா?”

என் மனைவி முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைக் கல்யாண ஆல்பத்தில்கூட நான் பார்த்ததில்லை. அவள் சின்ன வயசில் ஆடிய ‘பிசினஸ்’ போர்டு. நாலாக மடிக்கும் அட்டை. அதில் பம்பாய் இன்னும் பம்பாய்தான், மெட்ராஸ் மெட்ராஸ்தான், கல்கத்தா கல்கத்தாதான். இந்த ஊர்களுக்கெல்லாம் பெயர் மாறிய விஷயம் பரணுக்குத் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் தாயமும் பரமபதமும்தான். பிசினஸ் எல்லாம் பணக்காரப் பிள்ளைகள் ஆடுவது என்று நினைத்திருந்தேன். முப்பத்தைந்து வயசில்தான் முதல் முறை அதன் முன்னால் உட்கார்ந்தேன். பரவாயில்லை, பெயரே பிசினஸ். நானோ பி.காம்.

பெட்டியில் பாதியை எலி சாப்பிட்டிருந்தது. விதிமுறைத் தாள் இல்லை. காய்கள் இல்லை. ஒரு புளியங்கொட்டை, ஒரு சட்டைப் பொத்தான், ஒரு சோழி, ஒரு சோடா மூடி என்று ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டோம். வீட்டுக்குப் பொட்டுக்கடலை, ஓட்டலுக்கு வேர்க்கடலை. இதில் ஒரு சங்கடம். வாடகை கேட்டு நிமிர்வதற்குள் ஓட்டலை என் மகள் தின்றுவிடுவாள்.

ஊர் அட்டைகள் மட்டும் எப்படியோ தப்பியிருந்தன. ‘சான்ஸ்’ அட்டைகள் ஒன்றுகூட இல்லை.

“நான் எழுதறேன். மாமா, அட்டை இருக்கா?” என்றாள் மச்சான் மகள்.

தாராள மனசோடு பையைக் காட்டினேன். “எடுத்துக்கோம்மா. ஒரு பக்கம் கிறுக்கியிருந்தாலும் பரவால்ல, இன்னொரு பக்கம் எழுதிக்கோ.”

வாழ்க்கையில் சில தாராளங்களைத் தவிர்க்க வேண்டும்.

அவள் எழுதிய அட்டைகள் சில: ‘மாடு கன்று போட்டது. பேங்க் 200 தரும்.’ ‘கரண்ட் வந்தது. எல்லாரும் கை தட்டவும்.’ ‘மருமகன் வந்திருக்கிறார். கறி எடுக்க 500 கட்டு.’

* * *

பேங்க் யார் என்று கேள்வி வந்தபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பணிவாகத் தொண்டையைச் செருமினேன். அதற்குள் மச்சான் மனைவி நோட்டுக்கட்டை எடுத்துப் பிரித்து அடுக்கிவிட்டார். மகளிர் சுய உதவிக் குழுவில் கணக்கு எழுதுகிறவர். அவர் கையில் ஒரு ரூபாய் தப்பாது. நான் ஆடுகிறவன் மட்டும் என்று ஆயிற்று.

தெரியாதவர்களுக்கு ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எல்லோருக்கும் ஆரம்பத்தில் ஒரே பணம். இரண்டு கட்டை உருட்ட வேண்டும். நிற்கிற ஊர் யாருக்கும் சொந்தமில்லையென்றால் வாங்கலாம். அட்டை உங்கள் கைக்கு வரும். இன்னொருவர் ஊரென்றால் வாடகை கட்ட வேண்டும். ஒரே வண்ணத்து ஊர்கள் எல்லாம் உங்களிடம் சேர்ந்தால் வீடு கட்டலாம். கடைசி ஆள் தவிர எல்லோரும் திவாலாகும் வரை ஆட்டம்.

முதல் ஆட்டத்தில் நான் ஒன்றுமே வாங்கவில்லை. கையில் ரொக்கம் இருக்க வேண்டும், அதற்கு லிக்விடிட்டி என்று பெயர், எங்கள் புரொஃபசர் கரும்பலகையில் அடிக்கோடிட்ட சொல். மற்றவர்கள் கண்டதையும் வாங்கிக் காலியாவதைப் புன்சிரிப்போடு பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது சுற்றில் வாங்குவதற்கு ஊரே இல்லை. நான் எங்கே காலை வைத்தாலும் வாடகை. அத்தை, அதாவது என் மாமியார், அமிர்தசரஸில் நின்ற என் சோடா மூடியைப் பார்த்து, “பாவம் மாப்ள, ஒண்ட ஒரு எடம் இல்ல” என்றார். ஆட்டத்தைப் பற்றித்தான் சொன்னார் என்று நம்புகிறேன். முதலில் திவாலானது நான்.

இரண்டாவது ஆட்டத்தில் பாடம் கற்றுக்கொண்டு, நின்ற ஊரையெல்லாம் வாங்கினேன். பம்பாய், ஊட்டி, ரயில்வே... கையில் பஸ் காசுகூட இல்லை. மகள் ஊரில் ஒரு சின்ன வாடகை வந்தது. கொடுக்கப் பணமில்லை. ஊட்டியை பேங்க்கில் அடமானம் வைத்தேன். பிறகு பம்பாய். பிறகு ரயில்வே. மச்சான் மனைவி ஒவ்வொரு அட்டையையும் கவிழ்த்து வைத்தபோது, நிஜ பேங்க்கில் நகையைத் தராசில் வைக்கும்போது வருமே, அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. மறுபடி முதலில் திவாலானது நான்.

அப்போதுதான் ஆட்டத்தின் நெளிவு சுளிவு கொஞ்சம் பிடிபட்டது. ஒன்று, இரண்டு கட்டையை உருட்டினால் மொத்தம் 36 விதமாக விழலாம். அதில் ஏழு விழ 6 வழி. இரண்டுக்கும் பன்னிரண்டுக்கும் ஒவ்வொரு வழிதான். எதிராளி நிற்கும் இடத்திலிருந்து ஆறு, ஏழு, எட்டு கட்டம் தள்ளி உங்கள் வீடு இருந்தால் நீங்கள் நிம்மதியாகக் காபி குடிக்கலாம். இரண்டு, வீடு கட்டினால் மூன்றாவது வீடு வரை கட்டிவிட வேண்டும். இதன் மூலமான அமெரிக்க ‘மோனோபோலி’யில் மிக விலையுயர்ந்த இடம் போர்டுவாக். வெறும் மனைக்கு வாடகை 50 டாலர். இரண்டு வீடு இருந்தால் 600. மூன்றாவது வீடு ஏறியதும் 1,400! அங்கேதான் பிடிக்கிறார்கள் கழுத்தை. மூன்று, பணமும் வேண்டும், இடமும் வேண்டும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பிழைக்க முடியாது.

இந்த ஆட்டத்தின் கதையைச் சென்னை திரும்பிய பிறகுதான் படித்தேன். ஆனால் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. இதைக் கண்டுபிடித்தது எலிசபெத் மேகி என்று ஒரு அமெரிக்கப் பெண்மணி, சுருக்கெழுத்து வேலை பார்த்தவர். ‘நிலக்கிழார் ஆட்டம்’ என்று பெயர் வைத்து 1904 ஜனவரி 5-ல் பேடன்ட் வாங்கினார். நிலம் ஒரு சிலர் கையில் சேர்ந்தால் மற்றவர்கள் வாடகை கட்டியே எப்படிக் காலியாகிறார்கள் என்று ஜனங்களுக்குப் புரியவைக்கத்தான் ஆட்டத்தையே செய்தார். அதற்கு இரண்டு விதமான விதிகள் வைத்தார். ஒன்றில், ஒருவருக்கு வருமானம் வந்தால் எல்லோருக்கும் லாபம். இன்னொன்றில், ஒருவர் மற்ற எல்லோரையும் ஒழித்துக்கட்ட வேண்டும். எதை ஜனங்கள் பிடித்துக்கொண்டார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்கு வீடு அட்டையிலும் துணியிலும் வரைந்து, அவரவர் ஊர்த் தெருப் பெயரைப் போட்டு ஆடினார்கள். சார்லஸ் டாரோ என்பவர் தெரிந்தவர்கள் வீட்டில் கற்றுக்கொண்டு, 1935-ல் பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனிக்குத் தன் கண்டுபிடிப்பாக விற்றுக் கோடீஸ்வரர் ஆனார். மேகியின் பேடன்ட்டையும் கம்பெனி வாங்கிக்கொண்டது. அவருக்குக் கொடுத்தது 500 டாலர். நிலத்தைப் பிடுங்குவதைப் பற்றி ஆட்டம் செய்தவரிடமிருந்து ஆட்டத்தையே பிடுங்கிவிட்டார்கள்! 1970-களில் ரால்ஃப் அன்ஸ்பாக் என்ற பொருளாதாரப் பேராசிரியர் அந்தக் கம்பெனியோடு கோர்ட்டில் மோதப் போய்த்தான் இந்த விஷயமெல்லாம் வெளியே வந்தது.

* * *

திங்கட்கிழமை. மழை விட்டும் தண்ணீர் வடியவில்லை. பக்கத்து வீட்டு ரேடியோவில் புதுச்சேரி அரசின் அறிவிப்பு வந்தது. ரேஷன் கார்டுக்கு 5,000 ரூபாய், பயிர்ச் சேதத்துக்கு ஹெக்டேருக்கு 30,000 ரூபாய். மச்சான் மகள் உடனே உட்கார்ந்து புதுசாகச் சில அட்டைகள் எழுதிச் சேர்த்தாள்.

அன்று ராத்திரி மூன்றாவது ஆட்டம். அரிக்கேன் விளக்கு. அதுவரை திண்ணையைவிட்டு அசையாத மாமனார் உள்ளே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“எனக்கும் ஒரு காய் வைங்க.”

அவருக்குப் புளியங்கொட்டை கொடுத்தோம். முதல் சுற்றிலேயே மெட்ராஸில் போய் நின்றார். வாங்கினார். அதற்கப்புறம் வேறு எதையும் வாங்கவில்லை. அட்டையை எடுத்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் மெட்ராஸின் வண்ணத்தில் இருந்த மற்ற இரண்டு ஊரும் மச்சான் கைக்கு வந்தன. கையில் ரொக்கமும் இருந்தது. மெட்ராஸ் மட்டும் கிடைத்தால் வீடு கட்டிவிடுவான்.

“அப்பா, மெட்ராஸக் குடு. வாங்குன வெலைல ரெண்டு மடங்கு தர்றேன்.”

“விக்கிறதா இல்ல.”

“மூணு மடங்கு. ரயில்வேயும் சேத்து.”

“விக்கிறதா இல்லடா.”

மச்சான் என்னைப் பார்த்தான். காதோடு ஒரு பேரம் சொன்னான். நான் பேசி முடித்துக்கொடுத்தால் அவன் ஊர்களில் எனக்கு வாடகை கிடையாது. நான் தொண்டையைச் செருமினேன்.

“மாமா, வியாபார ரீதியாகப் பாருங்க. ஒத்தை ஊரை வச்சிக்கிட்டு வர்ற வாடகை டீச்செலவுக்குப் பத்தாது. வித்தீங்கன்னா காசு கைக்கு வரும். காசு சும்மா இருக்காது, சுத்தும். வேற நல்ல ஊரா பாத்து வாங்கலாம்.”

“சரி மாப்ள, வித்துட்டேன்னு வைங்க. அடுத்த சுத்துல என் கொட்டை அதே மெட்ராஸ்ல வந்து நிக்கிது. அப்ப?”

“வாடகை கட்டணும்.”

“யாருக்கு?”

“மச்சானுக்கு.”

“நேத்து வரைக்கும் என்னுது. அதுல நிக்கிறதுக்கு நான் வாடகை தரணும்?”

பதில் இருந்தது. எங்கள் சிலபஸில் இருந்தது. ஆனால் அரிக்கேன் வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. கட்டையை அவர் கையில் கொடுத்தேன்.

உருட்டினார். சான்ஸ்.

அட்டைக் கட்டு என் கிறுக்கல் பக்கம் மேலாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதுவரை அதை யாரும் படிக்கவில்லை. என் எழுத்தை யார் படிக்கிறார்கள்? மாமனார் மேல் அட்டையை எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, விளக்குப் பக்கம் சாய்த்துப் பிடித்து முதலில் பின்பக்கம் படித்தார். அப்புறம் திருப்பி முன்பக்கம் படித்தார். பத்திரம் படித்துப் பழகியவர், ஒரு எழுத்தை விடமாட்டார். பேத்தி எட்டிப் பார்த்துச் சத்தமாக வாசித்தாள்:

“வயலில் தண்ணி நின்றது. மூன்று சுற்றுக்கு உன் ஊரில் வாடகை கிடையாது.”

யாரும் மூச்சு விடவில்லை. குழந்தை என்ன கண்டது... அவர்தான் முதலில் சிரித்தார். “சரியாத்தான் எழுதியிருக்கா.”

அட்டையைக் கட்டில் திருப்பி வைக்கவில்லை. வேட்டி மடிப்பில் மெட்ராஸோடு சேர்த்துச் செருகிக்கொண்டார்.

அடுத்த இரண்டு சுற்றில் அவருக்கு எல்லா இடத்திலும் வாடகை. வருமானம் கிடையாது. கையில் நாலு நோட்டு. மச்சான் பொறுக்க முடியாமல் பேசிவிட்டான்.

“இதுக்குத்தாம்ப்பா சொன்னேன், நீ கேட்டியா? ஒரு வருசம் தண்ணி இல்லைங்கிற, ஒரு வருசம் தண்ணில போச்சுங்கிற. வெதைக்கும் உரத்துக்கும் நகை பேங்க்ல கெடக்குது. நான் திருபுவனைப் பக்கம் கான்ட்ராக்ட்ல மாரடிக்கிறேன். என்னைக்கு வேலை இல்லம்பானோ தெரியல. சொந்தமா மோட்டார் காயில் கட்டற கடை ஒண்ணு வைக்கலாம்னா மொதலு இல்ல. நெலத்தக் கட்டிக்கிட்டு இன்னா பண்ணப் போற?”

அவன் மெட்ராஸைப் பற்றிப் பேசவில்லை என்று என் மகளுக்குக்கூடப் புரிந்தது. பொட்டுக்கடலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள். அவன் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. மாமனார் சொன்னதிலும் பொய்யில்லை. இரண்டு உண்மையும் ஒரே பாயில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தன. தீர்ப்புச் சொல்ல வந்த பி.காம். போர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தைதான் வாயைத் திறந்தார்.

“ஏண்டா, அந்த ஊரு உங்கப்பாவுதாவே இருக்கட்டும். ரெண்டு உன்னுது, ஒண்ணு அவருது. வீடு கட்டறதுக்கு உன் காசைப் போடு. வர்ற வாடகையை ஆளுக்குப் பாதி எடுத்துக்குங்க. விக்கவும் வேணாம், விரோதமும் வேணாம்.”

“அப்படி ரூல் கிடையாது அத்தை,” என்றேன். “ஒருத்தர் இன்னொருத்தருக்குக் கடன் கொடுக்கறதே இந்த ஆட்டத்துல கூடாது.”

“ரூலு எங்க மாப்ள எழுதியிருக்கு?”

ரூலை எலி தின்றுவிட்டது.

நான் பி.காம். இரண்டாம் வருஷம் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 1932 படித்தவன். வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் லாபம் சரிசமம் என்று மனப்பாடம் செய்து 41 மார்க் வாங்கியவன். அத்தை ஆறாவதோடு நின்றவர். யாருக்கு முதலில் தோன்றியிருக்க வேண்டும்?

பேங்க் ஒப்புக்கொண்டது. அப்பனும் மகனும் மூன்று ஊரிலும் மூன்று மூன்று பொட்டுக்கடலை வைத்தார்கள். நான் உருட்டினேன். ஏழு. நேராக மெட்ராஸ். பேரம் நடக்காததால் எனக்கு வாடகைச் சலுகையும் கிடையாது. மூன்றாவது முறையாக, முதலில் திவாலானது நான்.

கொஞ்ச நேரத்தில் பளிச்சென்று டியூப்லைட் எரிந்தது. நிஜமாகவே கரண்ட் வந்துவிட்டது. மச்சான் மகள் அட்டையைத் தேடி எடுத்து உயர்த்திக் காட்டினாள். எல்லோரும் கை தட்டினோம். அதோடு ஆட்டம் முடிந்தது. யார் ஜெயித்தது என்று யாரும் கேட்கவில்லை.

* * *

புதன்கிழமை காலை. பஸ் ஸ்டாப்பில் மாமனார் என் பையைத் தூக்கிக்கொண்டு நின்றார். வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டார். மனைவியும் மகளும் கொஞ்சம் தள்ளிக் கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

“நெலம் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலியே மாப்ள?”

“என்னைக் கேக்காதீங்க மாமா,” என்றேன். மூன்று நாளாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது எப்படியோ வெளியே வந்தது. “எனக்கும் அதுல ஒரு ஆதாயம் இருக்கு. ஆதாயம் இருக்கறவன் ஆடிட் பண்ணக் கூடாது. அதுதான் முறை.”

அவர் தலையாட்டினார். வேட்டி மடிப்பிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினார்.

“இந்தாங்க, உங்க சீட்டு.”

முன்பக்கம், ‘வயலில் தண்ணி நின்றது.’ திருப்பினேன். பின்பக்கம் என் கையெழுத்து. ‘100 குழி’, பெருக்கல் குறி, பிளாட்காரர் சொன்ன விலை, வகுத்தல் குறி, 2. சமம். கீழே இரண்டு கோடு போட்டு, ‘ஃபிளாட் அட்வான்ஸ்!’ ஆச்சரியக்குறிகூடப் போட்டிருந்தேன்.

எனக்குக் காது வரை சுட்டது. பஸ் வரக் கூடாதா என்று ரோட்டைப் பார்த்தேன்.

“பெருக்கல் எல்லாம் சரியா இருக்கு மாப்ள,” என்றார் நிதானமாக. “வகுத்தல்லதான் தப்பு. ரெண்டால வகுத்துட்டீங்க. நானும் உங்க அத்தையும் இன்னும் உயிரோடதான் இருக்கோம். நாலால வகுக்கணும்.”

கோபமே இல்லாமல் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது. பஸ் வந்ததும் பையை மேலே ஏற்றிவிட்டு, ஜன்னல் பக்கம் வந்து, “பொங்கலுக்கு வந்துடுங்க. அந்த ஆட்டத்த இன்னொரு கை போடணும்” என்றார்.

பொங்கலுக்குப் போனோம். நிலம் அங்கேயே இருந்தது. ரோட்டு ஓரமாகப் பத்துக் குழியை ஒதுக்கி மச்சான் ஷெட் போட்டிருந்தான். இடம் அப்பாவுடையது, ஷெட்டும் சாமானும் மகனுடையது, வருமானத்தில் அப்பாவுக்கும் பங்கு. வெள்ளத்தில் மூழ்கி எரிந்துபோன பம்ப்செட் மோட்டார்கள் வாசல் வரை வரிசையில் நின்றன. தண்ணீர் ஒரு பக்கம் எடுத்ததில் கொஞ்சத்தை இன்னொரு பக்கம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. எல்லாக் கஷ்டமும் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். நகை இன்னும் பேங்க்கில்தான். ஆனால் அப்பனும் மகனும் கடை வாசலில் ஒரே கிளாஸில் டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

என் மனைவிக்கு எல்லாம் தெரியுமா என்று கேட்பீர்கள். அந்த அட்டை இப்போது எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறது, வகுத்தல் பக்கம் வெளியே தெரியும்படி. நான் ஒட்டவில்லை.

போன வாரம் முதல் தேதி காலை காலிங்பெல். ஹவுஸ் ஓனர். அடுத்த மாசத்திலிருந்து ஆயிரம் ரூபாய் கூட என்று சொல்லிவிட்டு, வாடகையை எண்ணி வாங்கிக்கொண்டு போனார். மகள் என் லுங்கியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள்.

“அப்பா, மெட்ராஸ் அட்டை இவர்கிட்டயா இருக்கு?”

“ஆமாம்மா.”

கொஞ்சம் யோசித்தாள். “எத்தனை பொட்டுக்கடலை வச்சிருக்காரு?”

“மூணு மாடிம்மா” என்றேன்.